எட்டாவது மேஜையின் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத ஓர் ஆபீஸில், ஒரு போனில் பேசிவிட்டு ஓடிப்போய், இன்னொரு மேஜையில் உட்கார்ந்து, தான் பேசியதைத் தானே கேட்கிற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் டாக்டருக்குச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது தொழில்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து வருடங்களாகக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு கொஞ்சம் அவமானமாக இருந்தது. விவேக் நகரில் குழந்தை ஏசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் அதைவிடச் சின்னதாக ஒரு சமையலறையும். வியாழக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிற கூட்டம் என் வாசல் வரைக்கும் நிற்கும். வெளியே போக வேண்டுமானால் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று நாலு பேரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் அதற்கும் அவசியம் இல்லை.

பெங்களூரில் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வயர் இழுத்துக் கொடுத்து, கெட்டால் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இப்போது எல்லாரும் பழைய டெலிபோன் லைனைக் கைவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் போனுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறுவதற்கு முன், அங்கே இருக்கிற வயர் குரலைத் தாங்குமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவதுதான் நான்.

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. வீடுகளுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கம்பெனி. எட்டு மேஜை, எட்டு போன். மெஷின் மக்கர் செய்கிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஜனங்கள் கூப்பிடுவார்கள். எட்டுப் பேர் பதில் சொல்வார்கள்.

குரலை வயரில் அனுப்புவது பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கும்போது, இந்த ஊரில் என் தொழிலில் இருக்கிற எல்லாருமே வண்டி நகராமல் நிற்கிற சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கைத்தான் உதாரணம் சொல்வோம். நானும் வெட்கமில்லாமல் அதையே சொல்கிறேன். நீங்கள் பேசுவதை போன் பொடிப் பொடியாக நறுக்கி அனுப்புகிறது. பொடிகள் வரிசையாக, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு ஈமெயில் அரை செகண்ட் தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. குரல் அரை செகண்ட் தாமதமானால், எதிரில் இருப்பவர் ‘ஹலோ, ஹலோ’ என்பார். அதனால் குரலுக்கு மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி வழிவிடச் சொல்லி, ஒவ்வொரு வயரும் வந்து சேருகிற பெரிய பெட்டியில் எழுதி வைக்க வேண்டும். எந்த வயரில் குரல் வருகிறது, எதில் மற்ற சாமான் வருகிறது என்று பெட்டிக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

இதையெல்லாம் எழுதி வைத்தபின் பேசிப் பார்க்க வேண்டும். பேசிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் சிக்கல்.

அன்றைக்கு மூன்று பேருக்குச் செய்தி அனுப்பினேன். ஹெப்பகோடியில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பன் படித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, வேறெதுவும் வரவில்லை. வேலூரில் இருக்கிற தங்கைக்கு, ‘ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமா, வேலை விஷயம்’ என்று அனுப்பினேன். ‘ஏதாச்சும் பிரச்சனையாண்ணா?’ என்று பதில் வந்தது. பிரச்சனை இல்லை என்று சொன்னதும், அப்படியானால் சாயங்காலம் பேசலாம் என்று முடித்துக்கொண்டாள். நியாயம்தானே. மூன்றாவது ஆள் கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார், செவ்வாய்க்கிழமை.

ஆகவே நானே பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாததால் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு ராசிபலன் படித்தேன். ‘மேஷம், பக்தி. ரிஷபம், சுகம். மிதுனம், அலைச்சல்.’ முதல் மேஜையில் படித்தது இரண்டாம் மேஜையில் பதிவாகும். ஓடிப்போய்க் கேட்பேன். அலைச்சல் வெகு தெளிவாகக் கேட்டது. இப்படியே எட்டு மேஜையும். மீட்டர் எட்டுக்கும் பிரமாதம் என்று மதிப்பெண் போட்டது.

எட்டாவது மேஜை ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. அதற்குச் சுவரில் பிளக் இல்லை. தூணுக்கு மேலே இருந்த கண்காணிப்புக் கேமராக்களின் பெட்டிக்கு மட்டும் ஒரு வயர் வந்துகொண்டிருந்தது. சுவரைத் துளைத்துப் புது வயர் இழுக்க சோம்பலாக இருந்தது. சோம்பல் என்று எழுதுவதற்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. அன்றைக்கு அதற்கு ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயர் வைத்தேன். ஒரு சின்னப் பெட்டியை மேஜைக்கு அடியில் ஒட்டி, கேமரா வயரையும் போன் வயரையும் அதில் சொருகி, இரண்டையும் ஒரே வயரில் பெரிய பெட்டிக்கு அனுப்பினேன். பெரிய பெட்டியில் அந்த வயரின் பெயர் ஏற்கெனவே ‘கேமரா’ என்றுதான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பிறகு காபி குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை எல்லாரும் வந்தபின் இன்னொரு சடங்கு உண்டு. ஒவ்வொருவரையும் ஒரு கால் பேசவைத்து, குரல் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு எழுத வேண்டும். வெளிநாட்டில் எப்படியோ தெரியாது, நம்மவர்களிடம் இந்தப் பரீட்சை பலிக்காது. எதிரில் வேலை செய்தவன் பேனாவோடு நிற்கும்போது யாரும் இரண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஐந்து என்றால் ஜால்ரா மாதிரி இருக்கும். முதல் மேஜைக்காரர் நாலு என்றார். மிச்சம் ஏழு பேரும் நாலு. எட்டாவது மேஜையில் இருந்த பெண்மணி கொஞ்சம் யோசித்து, என் முகத்தைப் பார்த்து, “நாலு போட்டுக்குங்க சார்” என்றார். போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர். வாரத்தில் பாதி நாள் ஹெப்பகோடியில் இருக்கும் தன் குடோனில் உட்கார்ந்திருப்பார், அங்கிருந்தபடியே மொபைலில் கேமராவை வேண்டிய பக்கம் திருப்பி அடுகோடி ஆபீஸைப் பார்ப்பார். கண் பார்வையில் வைத்திருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அவர் கட்சி.

“சார், வயரெல்லாம் அருமைங்க. ஒரு சின்ன வேலை. எட்டாவது போன்ல வர்ற பேரை மாத்தோணும். திங்கக்கிழமை புதுப் பொண்ணு ஒண்ணு வருது.”

“ஏற்கெனவே இருந்தவங்க?”

“அந்தம்மாவைக் குடோனுக்கு அனுப்பறேனுங்க. கஸ்டமர் பூரா கம்ப்ளெய்ன்ட். பேசறது புரியலை, பாதிப் பேச்சு முழுங்கிடறாங்கன்னு. கோலார் பக்கத்துத் தமிழ் வேறீங்களா, நம்மாளுகளுக்குப் பிடிபடலை போலிருக்குது. நானும் ரெண்டு வாரமா கேமரால கவனிச்சேன். பேசிட்டே இருப்பாங்க, திடீர்னு பேய் அறைஞ்ச மாதிரி நின்னுருவாங்க.”

பெயர் மாற்றுவது அறையில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி நேரில் போனேன். கடமையுணர்ச்சி என்று நினைக்க வேண்டாம். அந்த வாரம் யாரும் என்னை எங்கேயும் கூப்பிட்டிருக்கவில்லை.

அந்தப் பெண்மணிக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். சுரங்கம் மூடினபின் அந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான், விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வருகிறார்கள். கன்டோன்மென்ட்டில் இறங்கி பஸ் பிடித்து அடுகோடி வருவதற்கே அவருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஹெப்பகோடி என்றால் இன்னொரு ஒன்றரை மணி. சாயங்கால ரயிலைப் பிடிக்கவே முடியாது.

“அப்ப குடோனுக்குப் போறீங்களா மேடம்?” என்று கேட்டேன்.

“எப்டி சார் போறது? இன்னியோட இங்க கடைசி, அவ்ளோதான். ஊட்ல இன்னும் சொல்லல.” குரலில் ஒன்றுமே இல்லை. டீ வாங்கிவரச் சொல்லும் குரல். “நீங்க பேரு மாத்த வந்தீங்களா? மாத்திக்குங்க. நான் அந்தப் பக்கம் குந்திக்கிறேன்.”

“அவசரம் இல்லை. ரெண்டு கால் பேசுங்க, கேட்கிறேன்.”

இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் வந்தது. ஓசூரிலிருந்து யாரோ. இந்தப் பெண்மணி பேசியதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். வீட்டுத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல பொறுமையான, வரிசையான தமிழ். எனக்கு அப்படிப் பேச வராது. இரண்டு கால் போயிற்று, ஒரு குறையும் இல்லை. மூன்றாவது காலின் நடுவில் எதிர்முனை, “ஹலோ? என்னம்மா சொல்றே? முழுசாப் பேசு” என்று அதட்டியது. இவர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி “ஹலோ”. பிறகு அங்கே வைத்துவிட்டார்கள்.

அவர் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. கண்ணால் மேலே காட்டினார். தூணுக்கு மேலிருந்த கேமரா எங்கள் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது.

“அது திரும்பிச்சுனா அவ்ளோதான் சார். எனக்குப் பேச்சு போயிடும்.”

“எப்பவுமா?”

“எப்பவும். அவரு பாக்குறாருன்னு தெரிஞ்சிடுது இல்ல, பயத்துல குரல் உள்ள போயிடுது போல. நான் பேசினுதான் கீறேன், அவங்களுக்குக் கேக்கல. என் ஊட்டுக்காரருகிட்ட சொன்னேன், டாக்டருகிட்ட காட்டிக்கலாமான்னு.”

லேப்டாப்பைத் திறந்தேன். பார்க்காமலே தெரிந்துவிட்டது, ஆனாலும் பார்த்தேன். எட்டாவது வயர்: ‘கேமரா’. மற்ற ஏழு பேரின் குரலுக்கும் ஆம்புலன்ஸ் வழி. இவர் குரலுக்கு மட்டும் இல்லை. முதலாளி குடோனில் உட்கார்ந்து மொபைலைத் திறந்ததும், கேமரா படம் லாரி லாரியாக வெளியே போகும். இவர் பேசுவதெல்லாம் அந்த லாரிகளுக்குப் பின்னால் நிற்கும். இவர் மேல் புகார் வர வர, முதலாளி இவரைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். பார்க்கப் பார்க்க இவர் பேச்சு உடைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சோதித்தபோது ஒரு உடைசலும் இல்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலியான ஆபீஸில் ராசிபலன் படிக்கிற ஆளை யாரும் மொபைலைத் திறந்து பார்ப்பதில்லை.

“மேடம், முதல் நாளே உடைஞ்சுதா?”

“ஆமா சார்.”

“அப்புறம் ஏன் நாலு மார்க் போடச் சொன்னீங்க?”

அவர் சிரித்தார், சங்கடத்தோடு. “கீழ பட்டறை வாட்ச்மேன் சொன்னாரு சார். ஞாயித்துக்கெழம ஒத்தரு வந்தாரு, சாப்பாட்டுக்குக் கூட எறங்கல, எட்டு போன்லயும் தனக்குத்தானே பேசினு இருந்தாருன்னு. பாவமா இருந்துச்சு. கொறைச்சுச் சொன்னா உங்கள மறுபடியும் வர வெப்பாங்களேன்னு.”

புத்தகங்களில் இரக்கத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது அடுகோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் மேலேயே பட்டபோது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தேன்.

இரண்டு நிமிட வேலை. அந்த வயரில் வரும் குரலையும் கேமராவையும் தனித்தனியாக இனம் காணச் சொல்லி எழுதினேன். சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம் யோசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திங்கட்கிழமை புதுப் பெண் வருவதாக ஏற்பாடு ஆகிவிட்டது. குரல் சரியாகிப்போனால், புதுப் பெண்ணின் தமிழ் நல்ல தமிழ் என்று முதலாளி சந்தோஷப்படுவார். சரி என்று மாடிப்படிக்குப் போய் முதலாளியைக் கூப்பிட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். சில்க் போர்டு உதாரணத்தையும் கேட்டார்.

“அப்ப நான் பார்க்கறதுனாலதான் அந்தம்மா பேச்சு கெடுதுங்கறீங்க.”

“நீங்க பார்க்கறதுனால இல்லைங்க. நான் ஒழுங்கா வேலை செய்யாததுனால. தப்பு என்னோடது.”

“எட்டுப் பேரும் நாலு மார்க்குன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்.”

“எழுதினேங்க.”

பின்னால் குடோனில் அட்டைப்பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. “சரி, ஒண்ணு பண்ணலாம். நான் கேமராவைத் திறந்து அந்தம்மா மேலயே வெச்சுக்கறேன். நீங்க வெளிய இருந்து கஸ்டமர் மாதிரி கூப்பிடுங்க. பத்து நிமிஷம். பதிவை நான் கேட்பேன். ஒரு இடத்துல கூட உடையக் கூடாது. உடையலைன்னா அந்தம்மா அங்கேயே இருக்கட்டும், புதுப் பொண்ணைக் குடோனுக்குப் போட்டுக்கறேன். உடைஞ்சா நம்ம பேச்சு பழைய பேச்சுதானுங்க.”

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஹெட்செட்டை மாட்டினார். கேமரா திரும்பியது. நான் மறுபடி மாடிப்படிக்குப் போனேன்.

வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். முன்பே மாற்றி வைத்திருந்தபடி எட்டாவது மேஜைக்குப் போனது.

“வணக்கம் சார், சொல்லுங்க. உங்க மெஷின்ல என்ன பிரச்சனை?”

“தண்ணி வரலை.”

“எத்தனை நாளா சார்?”

“ரெண்டு நாளா.”

பிளக் போட்டிருக்கிறதா, மேல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பச்சை விளக்கு எரிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. நான் ஒரு மனிதரோடு பத்து நிமிடம் போனில் பேசிப் பல காலம் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பேங்க்கிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் கூட என்னிடம் இரண்டாவது நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்.

“வீட்ல எத்தனை பேர் சார்?”

“ஒருத்தர்.”

“நீங்க மட்டுமா?”

“நான் மட்டும்.”

“சரி சார். ஒருத்தருக்குன்னா ஃபில்டர் சீக்கிரம் போகாதே சார். மெஷினை வாரத்துக்கு எத்தனை நாள் ஓட்டுறீங்க? ரொம்ப நாள் ஓட்டாம வெச்சாலும் அடைச்சுக்கும்.”

“அப்படியா.”

“ஆமா சார். யூஸ் பண்ணினு இருக்கணும்.”

மூன்று நிமிடம். எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே பட்டறையில் இரும்பைச் சீவுகிற சத்தம். அவர் பேசிக்கொண்டே இருந்தால்தான் சோதனை. மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது. நான் திணறுவதை அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எந்த ஏரியா சார் என்று கேட்டார். விவேக் நகர் என்றேன். அங்கே தண்ணீர் உப்பாச்சே என்றார். எங்கள் ஊரில் இன்னும் மோசம் என்றார். பிறகு அவராகவே ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காலை ரயிலில் எட்டுப் பெண்கள் ஒரே பெட்டியில் ஏறுவார்களாம். ஒருத்தி பூ கட்டுவாள். ஒருத்தி கேரட் சீவி டப்பாவில் போட்டுக்கொள்வாள். ஒருத்தி பங்காருபேட்டை வரைக்கும் தூங்கிவிட்டு, எழுந்ததும் யார் என்ன பேசினார்கள் என்று கேட்பாள். ஒரு நாள் இவர் வரவில்லை என்றால் எட்டுப் பேரும்—“எட்டு இல்ல சார், என்னைக் கழிச்சா ஏழு”—மாற்றி மாற்றிப் போன் போடுவார்களாம். “வேலைய வுட்டுட்டா ட்ரெயினும் இல்ல பாருங்க சார். அதான் ஊட்ல சொல்ல மனசு வரல.”

வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கேமரா பார்த்துக்கொண்டிருப்பதையும் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்து கூட உடையவில்லை. எனக்கு நடுநடுவே ‘ம்’ போடுவது மட்டும்தான் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

“சார், லைன்ல ரெண்டு பேரு வெயிட்டிங் காட்டுது. வெச்சிடட்டுமா?”

“வெச்சிடுங்க மேடம்.”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” அது அவர்கள் கடைசியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இல்லை என்றேன்.

படியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளி பதிவைக் கேட்டு முடிக்க அவ்வளவு நேரம் வேண்டுமே. பிறகு போன் செய்தார். “தெளிவா இருக்குதுங்க. அந்தம்மா இருக்கட்டும். ஆனா கஸ்டமர்கிட்ட எதுக்குங்க ட்ரெயின் கதையெல்லாம்?” சோதனைக்காக நான்தான் பேசச் சொன்னேன் என்றேன். பொய்தான். வருடப் பராமரிப்பு வேலை பற்றிக் கேட்டேன். “நோடணா சார்” என்றார். இந்த ஊரில் பதினைந்து வருடம் தொழில் செய்கிற கோயம்புத்தூர்க்காரர் கன்னடத்தில் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால், வேறு ஆளைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் என்னை வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பையை எடுக்க உள்ளே போனேன். எட்டாவது மேஜையில் கால் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கோ தொட்டியை எப்படிக் கழுவுவது என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி முடிவு சொல்லிவிட்டார் என்று கட்டை விரலைக் காட்டினேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. கண்கள் மட்டும் ஒரு கணம் மூடித் திறந்தன. இடது கையை உயர்த்தி என்னைப் பார்த்து அசைத்தார். போய் வாருங்கள் என்றா, கொஞ்சம் இருங்கள் என்றா, தெரியவில்லை. இருப்பதற்குப் பார்த்தால் காலி நாற்காலி ஒன்றும் இல்லை. எட்டிலும் ஆள் இருந்தார்கள், எட்டுப் பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டு, இறங்கினேன்.